மீசையும் ஒரு வெளியிணைப்பும்

"ஞாயிற்றுக்கிழமைக்குள் என் வலைப்பூவின் லிங்க் இணையக் கலைக்களஞ்சியத்தில் ஏறும். ஏறாவிட்டால் மீசையை எடுத்துவிடுகிறேன்."

ரசிகர் குழுவில் இதை நான் எழுதியது திங்கட்கிழமை காலை, பல் துலக்குவதற்கு முன்னால். துலக்கிவிட்டு எழுதியிருந்தால் கொஞ்சம் யோசித்திருப்பேன். பத்தொன்பது பேர் கை தட்டும் பொம்மை அனுப்பினார்கள். குழுத் தலைவரான ரிட்டயர்டு கண்டக்டர் மட்டும் ஒரு சவரக்கத்தி படம் அனுப்பினார்.

இருபத்திரண்டு வருஷத்து மீசை அது. என் முகத்தில் எடுப்பாக இருப்பது அது ஒன்றுதான். மற்றதெல்லாம் சுமார் ரகம்.

எங்கள் நடிகரை நீங்கள் பார்த்திருப்பீர்கள், பேர் ஞாபகம் இருக்காது. பழைய படங்களில் தபால்காரராகவே வருவார். ஒன்பது படம், ஒரே பை. கடிதத்தை வீடு மாற்றிக் கொடுப்பார். கதாநாயகன் குடும்பம் நடுத்தெருவுக்கு வரும், தியேட்டர் விழுந்து விழுந்து சிரிக்கும். அவரைப் பற்றி பதினோரு வருஷமாக வலைப்பூ எழுதுகிறேன். நானூற்றுப் பன்னிரண்டு பதிவு. கலைக்களஞ்சியத்தில் அவருக்கு இருப்பதோ நாலே வரி. அந்த நாலு வரிக்குக் கீழே என் லிங்க் ஒன்று ஒட்டிக்கொண்டால் யார் குடி முழுகிவிடும்?

ஒட்டினேன். பத்து நிமிஷத்தில் காணோம். மறுபடி ஒட்டினேன். டீ குடித்துவிட்டு வருவதற்குள் காணோம். அங்கே யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் வேண்டுமானாலும் நீக்கலாம். என்னுடையதை நீக்கிய புண்ணியவான் தனக்கு வைத்துக்கொண்ட பேர் 'கத்தரிக்கோல்'. காரணம் ஒரு வரிதான்: "ரசிகர் வலைப்பூ. சரிபார்ப்பவர் யாருமில்லை."

எனக்கு வந்ததே ஒரு கோபம். செவ்வாய்க்கிழமை 'உண்மைவிரும்பி' என்று இன்னொரு பேரில் உள்ளே போய் எனக்கு நானே பரிந்து பேசினேன். "இது அருமையான வலைப்பூ. இதை நான் பதினோரு வருடமாக எழுதி வருகிறேன்" என்று எழுதினேன். 'படித்து வருகிறேன்' என்று எழுதியிருக்க வேண்டும். பழக்கதோஷம். கத்தரிக்கோல் மரியாதையாக ஒரு வணக்கம் வைத்துவிட்டு, எங்கள் இரண்டு பேரையும் ஒரு வாரத்துக்கு வெளியே நிறுத்திவிட்டார்.

ஒரு வாரம் என்றால் ஞாயிறு தாண்டிவிடும். மீசையைத் தடவிக்கொண்டே என் மனைவியிடம் போய் நின்றேன். அவள் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவள். எதையும் சின்ன எழுத்து வரை பார்க்காமல் விடமாட்டாள். எனக்கு ஒரு சந்தேகமும் இருந்தது.

"அந்தக் கத்தரிக்கோல் நீதானா?"

"வீட்ல இருந்த கத்தரிக்கோலையே நீங்க ஒயர் வெட்டத் தூக்கிட்டுப் போயிட்டீங்க. நான் எதை வெச்சு வெட்டறது?"

சரி, அவளில்லை. அவள் பேரில் உள்ளே போய் என் லிங்க்கைப் போடச் சொல்லிக் கெஞ்சினேன். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"உங்க பிளாக்ல உங்க நடிகர் எந்த வருஷம் பிறந்தார்?"

"எந்தப் பதிவுல கேக்கறே?"

"அதைத்தான் சொல்றேன். மூணு பதிவுல மூணு வருஷம். பாவம், அவங்கம்மா."

"எல்லாம் பிரியத்துல எழுதினது. ஒண்ணு ரெண்டு அப்படி இப்படி இருக்கும்."

"நீங்க ரிப்பேர் பண்ற லிஃப்ட்டு நல்லா இருக்குன்னு நீங்களே சர்ட்டிபிகேட் குடுத்துப்பீங்களா?"

"அதெப்படி? இன்ஸ்பெக்டர் வந்து பாக்கணும்."

"ஏன், உங்களுக்கு லிஃப்ட்டு மேல பிரியம் இல்லியா?"

நான் லிஃப்ட் மெக்கானிக். என் தொழிலை வைத்தே என் வாயை அடைத்துவிட்டாள். அப்புறம் சனிக்கிழமை வரை அந்தப் பேச்சே இல்லை. வேலைக்குப் போன இடத்தில் லிஃப்ட் கண்ணாடி முன்னால் நின்று மீசையை விரலால் மறைத்துப் பார்த்தேன். என் மாமனார் தெரிந்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ஞாயிறு காலை போன் ஓயாமல் கத்தியது. சவரக்கத்தி படமாகத்தான் இருக்கும் என்று ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தேன். எல்லாம் வாழ்த்து. நாலு வரிக் கட்டுரை பதினாலு வரி ஆகியிருந்தது. கீழே முதல் ஆதாரம், பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு வாரப் பத்திரிகையில் வந்த எங்கள் நடிகரின் பேட்டி. "உங்க வீட்டுச் சரக்கு ஏறிடுச்சு. புருஷன் வேற பெண்டாட்டி வேறயா? மீசை தப்பிச்சுது" என்று கண்டக்டர் தீர்ப்பே எழுதிவிட்டார்.

அப்பாடா. மீசையை இரண்டு பக்கமும் முறுக்கிவிட்டுக்கொண்டு, பேட்டி எடுத்தவர் பேரைப் பார்த்தேன். என் மனைவியின் பேர்.

அதில் பொய் இல்லை. பேட்டி எடுத்த அன்றைக்குக் காய்ச்சல் என்று லீவு போட்டுவிட்டுத்தான் நடிகரைப் பார்க்கப் போனேன். எங்கள் மேனேஜர் அந்தப் பத்திரிகையை ஒரு வரி விடாமல் படிக்கிறவர். அதனால் பேட்டியை அவள் பேரில் அனுப்பச் சொன்னதே நான்தான். அதோடு, கேள்வி எல்லாம் கேட்டதும் அவள்தான். நடிகரை நேரில் பார்த்ததும் எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. முக்கால் மணி நேரம் அவர் குடித்து வைத்த காலி டம்ளரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அந்தப் பத்திரிகையை அவள் பீரோவில் பத்திரமாக வைத்திருந்திருக்கிறாள். பக்கத்தைப் படம் எடுத்து, பேட்டி எடுத்தது தான்தான் என்பதையும் சொல்லி, "பொருந்தினால் நீங்களே சேருங்கள்" என்று அந்தக் கட்டுரையின் விவாதப் பக்கத்தில் கேட்டிருக்கிறாள். கத்தரிக்கோல் தன் கையாலேயே சேர்த்துவிட்டு, "இத்தனை நாள் எங்கே இருந்தீர்கள் அம்மா?" என்று வேறு கேட்டிருந்தார். நடிகர் பிறந்த வருஷமும் அந்தப் பேட்டியில் இருக்கிறது, அவர் வாயாலேயே சொன்னது. என் மூன்று வருஷத்தில் ஒன்றுகூட அதோடு ஒத்துப்போகவில்லை.

மெதுவாக அவள் பக்கத்தில் போய், கட்டுரையில் அந்தப் பேட்டிக்குப் பக்கத்தில் எங்கேயாவது ஒரு ஓரமாக என் பேரையும் சேர்க்க முடியுமா என்று கேட்டேன்.

அவள் என் மூஞ்சியை ஒரு தடவை, கண் பரிசோதிக்கிற மாதிரி, நிதானமாகப் பார்த்தாள்.

"மீசைதான் தப்பிச்சுதே. அதுவாவது உங்க பேர்ல இருக்கட்டும்."