லீற்றருக்கு ஏழு

இந்தக் கார் எப்படி மூச்சு விடுகிறது என்று பார்க்க ஒரு சென்சர் இருக்கிறது. எனக்கு? இப்படி நினைத்துக்கொண்டே ஹுஸ்னியா போனில் ஓடிய எண்களை வாசித்தாள்.

“தசம் ஒண்டு… தசம் எட்டு… தசம் ரெண்டு…”

“ஏறி இறங்குதா?” ஸ்டியறிங்கைப் பிடித்திருந்த அவள் கணவன் ஸப்ரி கேட்டான்.

“ஓம்.”

“அப்ப ஒக்சிசன் சென்சர் நல்லாத்தான் இரிக்கி. பிறகு எங்க போகுது பெற்றோல்?”

கல்முனையிலிருந்து அட்டாளைச்சேனை போய்த் திரும்பும் மூன்றாவது சோதனை ஓட்டம் இது. அகன்ற டயரும் அலறும் சைலன்சரும் பூட்டிய புதிதில் லீற்றருக்குப் பன்னிரண்டு கிலோமீற்றர் ஓடிய கார், இப்போது பத்துத்தான் ஓடுகிறது.

“நிண்ட இடத்தில நடுங்குது காக்கா, பெற்றோல் கூடி ரிச்சா எரியுது,” என்று ஸப்ரியிடம் சொன்னான் பின்சீற்றில் இருந்த மெக்கானிக் ஹிஷாம்.

“நம்மட வீட்டில அதாவது ரிச்சா இரிக்கட்டும்,” என்றாள் ஹுஸ்னியா.

ஸப்ரி சிரிக்கவில்லை. ஹிஷாம் நடுக்கத்தை நிறுத்தினான். அடுத்த கிழமை லீற்றருக்கு ஒன்பது.

“ஏசிதான் இஞ்சின இழுக்குது,” என்றான் ஹிஷாம். ஏசியைக் கழற்றிக் கழுவிப் பூட்டினார்கள்.

“இப்ப நல்லாக் குளிருது,” என்றாள் ஹுஸ்னியா, உண்மையான சந்தோசத்தோடு.

எட்டு.

“சைலன்சர் மூட்டில காத்து போகுது.” பழைய சைலன்சரே திரும்பி வந்தது.

“கண்ண மூடினா இஞ்சின் ஓடுறதே தெரியா,” என்றாள்.

ஏழு!

ஸப்ரி நாவிதன்வெளியிலுள்ள கந்தோர் வேலைக்கு மோட்டார்சைக்கிளில்தான் போய் வந்தான். பகலெல்லாம் கார் வேப்பமர நிழலில் சும்மா நின்றது.

“சரிவராது புள்ள. வெள்ளிக்கிழம ஜும்மாவுக்குப் பிறகு ஒராள் பாக்க வாறார். வித்திருவம்.”

கலியாணத்துக்கு வாப்பா ஹுஸ்னியாவின் பேரில் எழுதிக் கொடுத்த வீடு இது. உம்மா, இரண்டு தங்கைமார், அவர்களின் பிள்ளைகள், வந்தால் போகாத சாச்சிமார். வீடு அவளுடையதுதான். சாத்திக்கொண்டு இருக்க ஒரு கதவுதான் அவளுக்கு இல்லை.

“விக்க வேணாம்.”

“ஏன்?”

“பாவம். அது ஒண்டும் செய்யல்ல.”

வெள்ளிக்கிழமை காலை ஹிஷாம் வீட்டுக்கே வந்து கடைசி முறையாக ஸ்கேனரைக் காரில் செருகினான். அரை மணித்தியாலம் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தான்.

“கார்ல ஒரு பிழையும் இல்ல காக்கா. அல்லா அறிய, ஒண்டுமில்ல.”

அப்போது பக்கத்து வீட்டு சரீபா மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள்.

“ஹுஸ்னியா, நல்ல வேல செஞ்சீங்க! முந்தி அந்தச் சத்தத்தில எனக்குப் பகல் நித்திரையே இல்ல. இப்ப நீ ஏசியப் போட்டுட்டு ரெண்டு மணித்தியாலம் காருக்குள்ள படுத்தாலும் ஒரு சத்தமுமில்லகா!”

ஹிஷாம் மெதுவாக ஸ்கேனர் வயரைச் சுருட்டினான்.

ஸப்ரி ஹுஸ்னியாவிடம் கையை நீட்டினான்.

“காருட மத்தச் சாவியத் தா புள்ள.”

அவள் முந்தானையில் முடிந்திருந்த இரண்டு சாவிகளில் ஒன்றை அவிழ்த்து அவன் உள்ளங்கையில் வைத்தாள். பெரியது, துருப்பிடித்தது.

“இது வீட்டுச் சாவி,” என்றாள் மெதுவாக. “இத வெச்சிக்குங்க.”