ஓடைக்காட்டு நோயாளி

குமுளி மலைகளில் பாம்பைக் கண்டதும் கம்பைத் தேடாமல் தெர்மாமீட்டரைத் தேடிய ஒரே மனிதர் எங்கள் எஸ்டேட் கம்பவுண்டர்தான். எனக்கோ பாம்பென்றால் குலை நடுங்கும். ஆபீசில் கணக்கெழுதும் ரைட்டருக்கும் பாம்புக்கும் சம்பந்தமில்லை என்று நம்பித்தான் மலையேறினேன்.

டிஸ்பென்சரி அலமாரியில் ஒரு பாட்டில். அதற்குள் சாராயத்தில் ஊறிய, வால் மொட்டையான ஒரு மண்பாம்பு. எப்போதோ ஒரு வெள்ளைக்கார டாக்டர் பிடித்தது. அதற்குப் பிறகு அந்த இனத்தை யாரும் கண்டதில்லை. தினமும் காய்ச்சல் மருந்து கலக்குமுன் கம்பவுண்டர் அதனிடம், "உன் சொந்தக்காரன் எவனாவது உசுரோட இருக்கானாடே?" என்று விசாரிப்பார்.

ஒரு மழைநாளில் ஓடைக்காட்டு ஓரம் களை கொத்திக்கொண்டிருந்த பெண்கள் அலறினார்கள். கங்காணி மண்வெட்டியை ஓங்கினார். கம்பவுண்டர் குறுக்கே பாய்ந்தார்.

"நிறுத்தும்வே! எத்தனை வருசமா தேடுத ஆளு தெரியுமா?"

அதே மொட்டை வால். தலைப்பாகையை அவிழ்த்து அதில் ஏந்திக்கொண்டார். பிறகு ஒரு மாதம் ஓடைக்காட்டில் மண்டியிட்டுக் கையால் மண்ணைக் கிளறினார். இன்னும் நாலு அகப்பட்டன. ஓடையைத் தாண்டி ஒன்றுகூட இல்லை. ஈரமும் நிழலும் போனால் அவை பிழைக்காது என்று கண்டுகொண்ட வாரமே, அந்தக் காட்டை வெட்டித் தேயிலை வைக்க எஸ்டேட் துரை உத்தரவு போட்டார்.

கம்பவுண்டர் போய்க் கெஞ்சினார். "பாம்புக்கு ஒரு காடா? போ மேன்!" என்றார் துரை.

மறுநாள் காலை கம்பவுண்டர் எழுதிய நோயாளிகள் பட்டியலை நான் கொண்டுபோய் நீட்டினேன்; அதில் பேர் இருக்கும் ஆளைக் கங்காணி தொந்தரவு செய்யக்கூடாது. துரை வழக்கம்போலப் படிக்காமலே கையெழுத்துப் போட்டார். சற்று நேரத்தில் கோடாரிகளோடு போன கங்காணி பட்டியலும் கையுமாகத் தலையைச் சொறிந்துகொண்டு திரும்பினார்.

"தொரை, சீக்குன்னு நீங்க கையெழுத்துப் போட்ட ஆள நான் எப்படி வெரட்ட முடியும்?"

துரை பட்டியலைப் பிடுங்கினார். முதல் வரி: 'பெயர்: மொட்டைவாலன். இடம்: ஓடைக்காடு. நோய்: மண்வெட்டி. ஆகாரம்: மண்புழு. சிகிச்சை: நிழல், ஈரம், பூரண ஓய்வு.'

துரையின் முகம் சிவந்தது. கம்பவுண்டர் வேலையும் என் வேலையும் போயிற்று என்றே நினைத்தேன். ஆனால் அவர் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்.

"எத்தனை நாள் ஓய்வு?"

"கொணமாகுத வரைக்கும், தொரை" என்றார் வாசலில் வந்து நின்ற கம்பவுண்டர்.

காடு தப்பியது. அன்றிலிருந்து தினமும் அந்த வரியைப் புதிதாக எழுதுவது என் தலையில் விழுந்தது. வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஊருக்குக் கிளம்பும்போது கம்பவுண்டர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவன் பேரை மட்டும் விட்டுராதேயும்வே" என்றார். அவர் கண் கலங்கி நான் பார்த்தது அன்றுதான்.

மொட்டைவாலன் வரியில் 'உறவினர்' என்ற கட்டம் எப்போதும் காலியாகவே இருந்தது. மறுநாள் காலை அதில் கம்பவுண்டர் பெயரை எழுதினேன். கொஞ்சம் யோசித்து, பக்கத்தில் என் பெயரையும் எழுதினேன்.