துணைவேந்தருக்கு வாடை பத்தவில்லை

புருஷன் துணைவேந்தர் ஆனதும், "உங்க மேல அந்த நாத்தமே இல்லியே!" என்று கண்கலங்கிய பெண்சாதி இந்த உலகத்தில் ஒரே ஒருத்திதான், அவள் திருவண்ணாமலைக்காரி. நம்பாவிட்டால் போங்கள். கார் டிரைவர் சக்கரவர்த்தியே நம்பவில்லை.

கோதண்டராமன் ஊர்க் கல்லூரியில் வேதியியல் பேராசிரியராக இருந்தவரை, ஆய்வகத்து அழுகின முட்டை வாடையும் அவரோடு கூடவே வீட்டுக்கு வரும். அவர் தெருமுனையில் திரும்பினால் தேரடி மாடுகள் கயிற்றை அறுத்துக்கொள்ளும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தெட்டில் வெளியூர்ப் பல்கலைக்கழகம் ஒன்றுக்குத் துணைவேந்தர் ஆனார். வாடை போயிற்று, சந்தனம் வந்தது. சனிக்கிழமை ஊர் திரும்பினால் சீட்டுக்கும் சிபாரிசுக்கும் வந்தவர்கள் சமையற்கட்டு வரை உட்கார்ந்திருப்பார்கள். அவர்களுக்குக் காபி ஆற்றி ஆற்றிக் கை ஓய்ந்த ரேணுகாம்பாள், கதவோரம் நின்று அந்த ஒரு வார்த்தையைச் சொன்னாள். அப்புறம் அவரோடு பேச்சையே கம்மி பண்ணிவிட்டாள்.

துணைவேந்தருக்குச் சோறு இறங்கவில்லை.

"எந்தப் பொம்பள சார் நாத்தம் வேணும்னு கேப்பா? அம்மா வேற இன்னாவோ சொல்லியிருப்பாங்க, உங்க காதுல இப்டி வுழுந்திருக்கும்" என்றான் சக்கரவர்த்தி.

"உனக்கின்னாப்பா தெரியும் அவளப் பத்தி?"

பழைய ஆய்வகக் கோட்டைத் தேடிப் போட்டுப் பார்த்தார். சலவைக்காரர் வெளுத்த வெளுப்பில் அது மல்லிகைப்பூ மாதிரி மணத்தது. அடுத்த சனிக்கிழமை காரைப் பழைய கல்லூரிக்கு விடச் சொன்னார்.

திடீர்ச் சோதனை என்று நினைத்துவிட்டார் முதல்வர். ஆய்வகம் முழுக்கப் பினாயில் ஊற்றிக் கழுவச் சொன்னார். துணைவேந்தர் கழுத்தில் ஆளுயர ரோஜாமாலை. தலையில் பன்னீர் வேறு.

"சார், கொறை ஏதாச்சும்…"

"நாத்தம் பத்தலைங்க."

"இதோ, உடனே ஏற்பாடு பண்றேங்க!"

வாயு தயாரிக்கும் கருவிகள் அத்தனையும் ஒரே நேரத்தில் திறக்கப்பட்டன. மலையிலிருந்த குரங்குகள் மலைக்கு அந்தப் பக்கம் அடி அண்ணாமலைக்குக் குடிபெயர்ந்தன. துணைவேந்தர் மட்டும் நடுவில் நின்று, கண்ணை மூடி, கோபுர தரிசனம் கிடைத்தவர் மாதிரி மூச்சிழுத்தார். மாலை கருகித் தொங்கியது. வீடு வரைக்கும் தலையை ஜன்னலுக்கு வெளியே நீட்டித்தான் கார் ஓட்டினான் சக்கரவர்த்தி.

கூடத்தில் கூட்டம் எழுந்து கும்பிட்டது. கும்பிட்ட கை மூக்குக்குப் போனது. அடுத்த நொடி வேட்டியை மடித்துக்கொண்டு ஒரே ஓட்டம். ஒருவர் செருப்பைக்கூட விட்டுவிட்டுப் போனார்.

ரேணுகாம்பாள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு இரண்டு இலை போட்டாள்.

"இன்னாடி, மூக்க மூடற?"

"கொடலப் புடுங்குதுங்க!"

"பின்ன ஏன் கேட்ட?"

அவள் அவர் பக்கத்து இலையில் தானும் உட்கார்ந்து, மாதக்கணக்காகச் சிரிக்காத சிரிப்பெல்லாம் சேர்த்துச் சிரித்தாள்.

வாசலிலிருந்து சக்கரவர்த்தி கத்தினான்: "ஒத்துக்கறேன் சார், அம்மா நாத்தத்தத்தான் கேட்டிருக்காங்க! வூட்ல உங்க ரெண்டு பேரத் தவிர ஒரு ஈ காக்கா இல்ல, நிம்மதியா சாப்புடுங்க. நானும் ஓடறேன்!"