துரையின் செம்பட்டைக் குட்டி

உலக நாகரிகத்திற்கு மலாயாவின் ஜொகூர் வழங்கிய பெருங்கொடை எதுவென்று யாராவது கேட்டால், ஸ்கூடாய்ப் பக்கம் எங்கள் ரப்பர் தோட்டத்தில் 1931-இல் தொடங்கிய 'குதிரை நிற விருத்தி'யைத்தான் சொல்வேன். அதன் கமிட்டிக்குக் காரியதரிசி அடியேன். மீதி நேரத்தில் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி.

ரப்பர் விலை விழுந்து, பாதி ஆட்களை ஊருக்குக் கப்பலேற்றி அனுப்பிய சமயம். சாதாரண மனிதர் கவலைப்பட்டிருப்பார். எங்கள் மில்னர் துரையோ செம்பட்டைக் குதிரைக்குட்டி கேட்டார். அதுவும் கறுப்புக்கும் கறுப்புக்கும் பிறக்க வேண்டுமாம்!

"செம்பட்டையாவே ஒரு ஜோடி வாங்கிட்டா என்னங்க தொரை?" என்றார் குதிரைக்காரர் சபாபதி.

"அது எந்த மடையனும் செய்வான். கறுப்பு உள்ளே செம்பட்டை ஒளிஞ்சு இருக்கு. தாத்தாகிட்டேருந்து வந்தது. நாம வெளியே கொண்டாரணும்!"

கமிட்டி இதை 'ஏகமனதாக' ஏற்றது. சபாபதிக்கு ஓட்டு கிடையாது.

நான்கு பெட்டைகள் நான்கு குட்டி போட்டன. நான்கும் கன்னங்கரேல். குட்டிகளுக்குச் சீக்கிரம் தாய்ப்பால் மறக்கடித்தால் தாய்கள் விரைவில் சினையாகும் என்று துரை கண்டுபிடித்தார். ஆகவே, தொழிலாளர் குடியிருக்கும் லயத்து மாடுகளின் பால் முழுவதும் இனி குதிரை லாயத்துக்கே என்று உத்தரவு. என் அழகான கையெழுத்தில் எழுதி ஒட்டினேன்.

சில மாதம் கழித்து, ரப்பர் மரத்தில் பால் சீவும் கிருஷ்ணம்மா, மகள் செல்லத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள்.

"எம் மாடுங்கய்யா. நான் புல்லறுத்துப் போட்டு வளத்தது. புள்ளைக்கு அரைப் போத்தலாச்சும் விடுங்க. சோறு எறங்கல, காலு வீங்கிக் கெடக்கு."

"மாடு உன்னுதுதான், யாரு இல்லேன்னா? புல்லு தோட்டத்துது. அப்ப பாலு யாருது?" என்றேன்.

அவளுக்குச் சட்ட ஞானம் போதவில்லை. அழுதுகொண்டே போனாள். நான் பதிவேட்டில் குட்டிகளின் பாட்டன் பெயரை எழுதப் போனேன்.

அடுத்த ஈற்றிலும் நான்கு கறுப்பு. துரை இடிந்துபோனார். மனசு தேறட்டும் என்று லயத்தைப் பார்வையிட அழைத்துப் போனேன். கிருஷ்ணம்மா வீட்டு வாசலில் செல்லம் உட்கார்ந்திருந்தாள். கை குச்சி, கால் வீக்கம், வயிறு உப்பல். தலைமுடி வெயிலில் பளிச்சென்று சிவந்திருந்தது.

துரை முகம் மலர்ந்தது.

"கிராணி, செம்பட்டை! இவ அப்பா என்ன நிறம்? தாத்தா என்ன நிறம்? எழுது!"

நோட்டை விரித்தேன். கிருஷ்ணம்மா மகளைத் தூக்கி அணைத்துக்கொண்டாள்.

"அப்பனும் கறுப்பு, நானும் கறுப்பு, எங்க வம்சமே கறுப்புதாங்க. நீங்க பாலை நிறுத்தினீங்க, நெறம் மாறிப்போச்சு. உங்க குட்டிங்களுக்கும் நிறுத்திப் பாருங்க தொரை."