அம்பு அண்ணன் பார்த்த இந்திப் படம்

குறையே இல்லாத பொருள் ஒன்று பூமியில் இருப்பதாக அம்பு அண்ணனை நம்பவைக்க ஆண்டவனாலும் ஆகாது. ஆண்டவனே நேரில் வந்தாலும் ஒரு ஸ்டிக்கர் ஒட்டித்தான் அனுப்புவார்.

நெருப்பெரிச்சல் என்ற ஊரில் நான் வேலை பார்த்த பனியன் கம்பெனியில் அவர் செக்கிங் சூப்பர்வைசர். துணியில் ஓட்டையோ தையல் பிசகோ இருந்தால், அந்த இடத்தைக் காட்டிச் சின்னச் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். அதைப் பார்த்து டெய்லர் திருத்துவார். திருத்த வேண்டிய துணிக்குப் பெயர் ஆல்டர்; திருத்தியது சரியென்றால் 'பாஸ்' பண்ணி ஸ்டிக்கரை எடுத்துவிடுவார்கள். வேலை முடிந்ததும் மற்றவர்கள் மீதி ஸ்டிக்கரை மேஜையில் வைத்துவிட்டுப் போவார்கள். அண்ணன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போவார். ஓட்டை நடுவில் இல்லை என்று கேன்டீன் வடையில் ஒட்டினார். முதலாளியின் புதுக் காரில் ஒட்டிவிட்டு, "கதவு கேப் சீரா இல்லீங்க" என்று விளக்கம் வேறு.

வினை வீட்டில் வந்தது. ஒன்பதாவது படிக்கும் மகள் யாழினிக்குக் கன்னத்தில் முதல் பரு. தூக்கக் கலக்கத்தில் இருந்தவளைச் செல்லமாகத் தட்டிக்கொடுத்த கை, பழக்கதோஷத்தில் பருவுக்குப் பக்கத்தில் ஓர் அம்பை ஒட்டிவிட்டது. தெரியாமல் அப்படியே போனவளைப் பார்த்துப் பள்ளிக்கூட வேனே சிரித்தது. அன்றிலிருந்து அவள் அப்பாவோடு பேசுவதில்லை. சட்னி வேண்டுமென்றால்கூட, "அம்மா, அவரை அதை இந்தப் பக்கம் தள்ளச் சொல்லு" என்பாள்.

"புள்ளை அப்பான்னு கூப்பிடாம சோறே எறங்க மாட்டேங்குதுங்க சார்" என்று என்னிடம் கண் கலங்கினார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கம்பெனி ஹாஸ்டலில் சினிமா போடுவார்கள். பரிசு வாங்கிய படம் என்று வார்டன் அன்றைக்கு ஓர் இந்திப் படம் போட்டார். வெள்ளைப் பனியன் துணிதான் திரை. நானும் போயிருந்தேன். அண்ணன் குடும்பத்தோடு வந்திருந்தார். யாழினி அப்பாவை விட்டுத் தள்ளி, பெண்கள் வரிசையில் உட்கார்ந்தாள்.

படத்தில் ஒரு சிறுமி. வகுப்பறை நிறையத் தண்ணீர். வாத்தியார் படகில் வந்து கணக்கு நடத்துகிறார். பக்கத்தில் இருந்த பீகார் தம்பியிடம் கதை கேட்டேன். "ஹிந்தி புரியுது சார். படம்தான் புரியலே."

சுவர்க்கடிகாரம் பின்னோக்கி ஓடியது. அண்ணன் எழுந்து போய்த் திரையில் அம்பு ஒட்டினார். கட்டிலில் ஆடு தூங்கியது. இன்னொரு அம்பு.

பிறகு சிறுமியின் கழுத்தில் பச்சைப்பசேல் என்று இலை துளிர்த்தது. அவள் அப்பா தினமும் காலையில் அதைக் கிள்ளி எறிகிறார். மறுநாள் மறுபடி துளிர்க்கிறது. அவள் வாய் பேசாமல் நிற்கிறாள். ஸ்டிக்கரோடு திரைக்குப் போன அண்ணன் அங்கேயே நின்றுவிட்டார். அடுத்த இலையைக் கிள்ள அந்த அப்பா கை நீட்டியதும் கத்தினார்:

"ஏனுங்க, விட்றுங்க! வளர்ற புள்ளைங்க அது!"

திரைக்குக்கூட மரியாதை குறையவில்லை. பெண்கள் வரிசையிலிருந்து ஒரு குரல்:

"இதைச் சொல்றது நீங்களாப்பா?"

அவ்வளவுதான். கூடமே சிரித்தது, அண்ணன் மட்டும் அழுதார். யாழினி வந்து அவர் கையிலிருந்த ஸ்டிக்கரைப் பிடுங்கி, அவர் சட்டையில் நெஞ்சுக்கு நேராக ஒட்டினாள்.

"ஆல்டருங்க."

திங்கட்கிழமை அதே சட்டையில் அதே அம்போடு வேலைக்கு வந்தார். "எடுத்துருங்கண்ணா, எல்லாரும் சிரிக்கறாங்க" என்றேன்.

"இருக்கட்டுங்க சார். எம் புள்ளை பாஸ் பண்ணி, அவளே எடுக்கட்டும்."

அன்றைக்குத்தான் அந்த மனிதரை எனக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று.