மாமனார் என்னைப் புகழ்ந்த ஒரே நாள்

வயிற்றெரிச்சலில் செய்த எந்த வேலையும் எனக்கு உருப்பட்டதில்லை.

நாகல் நகரில் எல்.இ.டி. லைட் செய்து விற்கிறேன். என் சகலை சகாயராஜுக்கும் (மனைவியின் தங்கை புருஷன்) சின்னாளப்பட்டியில் அதே தொழில். அவனுக்கு வேறு தொழிலா கிடைக்கவில்லை? மாமனார் வாயைத் திறந்தால் “சகாயம் மாப்ள போட்ட லைட்டு” என்றுதான் ஆரம்பிப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மூத்த மருமகன் நான் ஒருத்தன் குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருக்கிறேனே!

மைத்துனன் கல்யாண வரவேற்பில் வாசலுக்கு அவன் லைட், மேடைக்கு என் லைட் என்று முடிவானது. மாமனார் அன்று மைக்கில் என்னைப் பற்றி நாலு வார்த்தை நல்லதாகச் சொல்ல வேண்டும். அது போதும் எனக்கு.

லைட்டுக்குக் கரண்டை அளந்து கொடுக்கும் பெட்டிக்கு டிரைவர் என்று பெயர். சகாயத்தின் டிரைவர் செங்கல் கனம் கனக்கும். கரண்டைச் சீராக இழுக்க உள்ளே ஒரு காயில், இரைச்சல் லைனில் கலக்காமலிருக்க ஒரு பில்டர். அவனுடையதைவிட ஒல்லியாக, அவனுடையதைவிடப் பளிச்சென்று இருக்க வேண்டுமென்று என்னுடையதில் இரண்டையும் கழற்றி எறிந்தேன்.

“சகல, பில்டர் இல்லாமப் போடாதீங்க. மைக் செட்டு இரையும்” என்றான் சகாயம். பொறாமையில் பேசுகிறான் என்று நினைத்தேன் (யார் யாரைச் சொல்வது!).

மேடை ஜொலித்தது. மணப்பெண் கண்ணைச் சுருக்கியதையும் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போய், ஜெனரேட்டரைப் போட்டார்கள். என் லைட்டுகள் கரண்டை மடக் மடக்கென்று குடித்ததில் அது முக்கி முனகியது. ஸ்பீக்கரில் ‘ஙொய்ய்ய்ங்’ என்று ஒரே இரைச்சல்.

மாமனார் அப்போதுதான் மைக்கைப் பிடித்தார். உதடு அசைந்தது. கையை நீட்டி என்னைக் காட்டினார். கண்கூடக் கலங்கியது. என்ன சொன்னார் என்று ஒரு எழுத்துகூட விளங்கவில்லை.

மைக் செட்காரர் ஓடிவந்து என் லைட்டுகளை அணைத்தார். சகாயம் வாசல் லைட்டைக் கழற்றிவந்து மேடையில் மாட்டினான். மண்டபமே கப்சிப். அந்த அமைதியில் மாமனார் கணீரென்று சொன்னார்: “நல்ல வேள, சகாயம் மாப்ள இருந்தாரு.”

பந்தியில் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, என்னைப் பற்றி என்ன சொன்னீர்கள் என்று கூச்சத்தை விட்டுக் கேட்டேன்.

“என்னமோ நல்லாத்தான் சொன்னேன் மாப்ள” என்று ரசத்தை உறிஞ்சினார். “இப்ப ஞாபகம் வரல.”

இன்றைக்கும் வீட்டில் யாராவது என்னைப் பாராட்ட வாயெடுத்தால், மற்றவர்கள் சேர்ந்து ‘ஙொய்ய்ய்ங்’ என்கிறார்கள். முதலில் ஆரம்பிப்பவள் என் மனைவி.