பிழைத்து வந்த டாக்டர்

டாக்டர் ஆவதற்கு வருஷக்கணக்கில் படிக்க வேண்டும் என்று யாரோ உங்களை ஏமாற்றி வைத்திருக்கிறார்கள். குறுக்கு வழி ஒன்று இருக்கிறது. ஒரு பெரிய வியாதியில் விழுந்து, சாகாமல் எழுந்து வந்துவிட வேண்டும். அவ்வளவுதான். ஆஸ்பத்திரிக்குள் ஸ்ட்ரெச்சரில் போனவர் வெளியே வரும்போது அந்த வியாதியின் ஸ்பெஷலிஸ்டாக நடந்து வருவார். இந்த இனத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கல்லடைப்பு வந்து போனவர் தெருவிலுள்ள எல்லாச் சிறுநீரகங்களுக்கும் பொறுப்பேற்றுக்கொள்கிறார். இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர் பந்தியில் பக்கத்து இலைக்காரரின் வடையை எடுத்து ஓரமாக வைக்கிறார். சர்க்கரைக்காரர்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். அவர்கள் தனிப் பல்கலைக்கழகம்.

கடலூர் மரியலூர்து இந்த இனத்தின் முழு வளர்ச்சி. சிப்காட்டில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் பாய்லர் பார்த்து ரிடையர் ஆனவர். இரண்டு வருஷத்துக்கு முன்பு ஒரு காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவருக்கு வாய் கோணி, பிரஷ் நழுவி, பேச்சு குழறியது. மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு. லேசான பக்கவாதத் தாக்குதல், சீக்கிரம் கொண்டுபோய்ச் சேர்த்ததால் பிழைத்தார். மூன்று வாரத்துக்கு இரண்டு வகை மாத்திரை, அப்புறம் ஆயுசுக்கும் ஒன்று என்று சொல்லி அனுப்பினார்கள். "இது இருக்குற ரத்தக் கட்டியைக் கரைக்காது, புதுசா கட்டாம பாத்துக்கும்" என்று டாக்டர் விளக்கியபோது லூர்து பெரிதாகத் தலையாட்டினார். வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் அந்த விளக்கம் வேறு உருவம் எடுத்துவிட்டது.

"பைப்புல உப்பு படிஞ்சி அடைச்சிக்கிச்சின்னா கம்பெனில இன்னா பண்ணுவோம்? ஆசிட் வுடுவோம். இந்த மாத்திரைதான் அந்த ஆசிட்டு." அன்றிலிருந்து இதுதான் அவருடைய மருத்துவ சாஸ்திரம். இதற்கு மேல் படிக்க என்ன இருக்கிறது?

கிளினிக் சட்டைப்பையில் இயங்கியது. ஒன்றை அவருக்கு நிறுத்திய பிறகும், இரண்டு மாத்திரைகளின் அட்டைகளும் எப்போதும் அங்கே இருக்கும். ஆள் அகப்பட்டால் பரிசோதனை. "சிரி" என்பார். எதிராளி சிரிப்பார். "ரெண்டு கையையும் தூக்கு." தூக்குவார். "கடலூர் முதுநகர்னு சொல்லு." சொல்வார். டீக்கடையில் இது நடக்கும், ரேஷன் கடை வரிசையில் நடக்கும், பூசை முடிந்து கோயிலைவிட்டு வெளியே வருகிறவர்களை மடக்கியும் நடக்கும். ஒருமுறை சாவு வீட்டில், இறந்தவரின் மகனைப் பிடித்துச் சிரிக்கச் சொன்னார். அழும்போது வாய் ஒரு பக்கமாக இழுக்கிறதோ என்று அவருக்குச் சந்தேகம்.

பக்கத்து வீட்டு வைத்திலிங்கம் கையைத் தலைக்கு வைத்துத் தூங்கி எழுந்தவர், கை மரத்துப்போச்சு என்று வாயை விட்டுவிட்டார்.

"இந்தா, போடு ஒண்ணு."

"டாக்டர கேக்காமயா?"

"யோவ், நான் அந்த டாக்டர்கிட்டயே வைத்தியம் பாத்துக்கிட்டவன்யா!"

போட்டார். சாயங்காலம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தார், எரிகிறது என்று.

"எரியுதா? அப்ப வேலை செய்யுது, போ."

இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தவள் அவர் மனைவி ஆரோக்கிய ராணி. ஒரு விஷயம் அவளை ரொம்ப நாளாக உறுத்திக்கொண்டிருந்தது. வீட்டுக்கு வருகிறவர்களிடம் லூர்து தன் கதையைச் சொல்லும்போதெல்லாம் அது மாத்திரையில்தான் ஆரம்பிக்கும். "குடுத்தாங்க பாரு ரெண்டு, வாய் நேராயிடுச்சி." அதற்கு முன்னால் நடந்தது கதையில் இருக்காது. எப்படி இருக்கும்? அப்போது மனிதர் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு மாதாவைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். ஸ்கேன் அறை வாசலில் நின்றது ராணி. ரத்தம் கசியவில்லை, அடைப்புதான் என்று படத்தில் தெரியும்வரை ஒருத்தரும் மாத்திரையைத் தொடவில்லை என்பதைப் பார்த்தது ராணி. அதற்கப்புறமும் ஒரு நர்ஸ் ஸ்பூனில் துளித் தண்ணீர் கொடுத்து, விழுங்குகிறாரா, புரையேறுகிறதா என்று அவர் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்ததைப் பார்த்ததும் ராணி. ஆக, அவருக்கு வந்த வியாதியைச் சரியாகப் பார்க்காத ஒரே ஆள் அவர்தான். இருந்தாலும் ஊர் யாரைக் கேட்கும்? படுத்தவரையா, பக்கத்தில் நின்றவளையா?

போன மாதம் சிதம்பரத்தில் உறவுக்காரர் வீட்டுப் பிள்ளை கோயிலில் முதல் நற்கருணை வாங்கிய புதுநன்மை விருந்து. மண்டபத்தில் பிரியாணி. ராணியின் தம்பி சகாய ஆனந்த் லூர்துவுக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்தான். ரத்தக் கொதிப்பு உள்ளவன். அதற்கு மாத்திரை வாங்கியதோடு தன் கடமை முடிந்தது என்று இருப்பவன். தயிர்ப் பச்சடி கேட்க வாயெடுத்தவனுக்கு வார்த்தை பாதியில் வழுக்கியது. வலது கை இலையிலேயே கிடந்தது.

"சிரி மச்சான்" என்றார் லூர்து.

சிரிப்பு ஒரு பக்கம்தான் வந்தது.

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். மனிதர் சரியாகக் கண்டுபிடித்துவிட்டார். அதோடு நிறுத்தி, வண்டியைக் கூப்பிட்டிருந்தால் அவருக்கு நானே மாலை போட்டிருப்பேன். ஆனால் இரண்டு வருஷமாகக் காத்துக்கிடந்தவருக்கு அசல் நோயாளி ஒருவன் கிடைத்தால் விடுவாரா? கை சட்டைப்பைக்குள் போயிற்று. இரண்டு அட்டையிலிருந்தும் ஒவ்வொன்றாகப் பிதுக்கி, ஆனந்தின் வாயில் போட்டு, டம்ளரைச் சாய்த்தார். ஆனந்துக்குப் புரையேறியது. தண்ணீர் கடைவாயில் வழிந்து கழுத்துப் பட்டி வழியாக உள்ளே இறங்கியது.

எதிர்ப் பந்தியிலிருந்து ராணி ஓடிவந்தாள். "ஏங்க, இன்னாத்த போட்டீங்க அவன் வாயில?"

"அடைப்புடி. உள்ள போனா சல்லுனு தொறந்துக்கும்."

"அடைப்பா, இல்ல பைப்பு வெடிச்சி ஒழுவுதா, பாத்தீங்களா? ஒழுவுற பைப்புல போய் ஆசிட்ட ஊத்துவீங்களா? இந்த லட்சணத்துலதான் பாய்லர் பாத்தீங்களா?"

"நீ சும்மா கெட. வியாதி வந்தவனுக்குத்தான் தெரியும்."

ராணி சும்மா கிடக்கவில்லை. தம்பியை ஒருக்களித்துச் சாய்த்து, தாடையைப் பிடித்து, வாய்க்குள் விரலை விட்டாள். ஆனந்த் கடித்தான். "கடிடா, நல்லா கடி, ஆனா முழுங்காத" என்று சொல்லிக்கொண்டே நோண்டினாள். செத்துக் கிடந்த கன்னத்துக்குள், பிரியாணிப் பருக்கையோடு ஒட்டிக்கொண்டிருந்தது ஒரு மாத்திரை. இன்னொன்றைக் காணோம்.

ஆஸ்பத்திரியில் நேராக ஸ்கேனுக்குக் கொண்டுபோனார்கள். படத்தைப் பார்த்துவிட்டு வெளியே வந்த டாக்டரம்மா, "மூளையில ரத்தக் கசிவு. ரத்தம் உறையாம இருக்க ஏதாச்சும் மாத்திரை குடுத்தீங்களா?" என்று கேட்டார்.

லூர்து சட்டைப்பையைக் கையால் மூடிக்கொண்டார்.

"இவருதான் போட்டாரு, ரெண்டு" என்றாள் ராணி. "ஒண்ண நான் எடுத்துட்டேன். இன்னொண்ணு தெரியல."

"உள்ள போயிருந்தா இன்னா ஆவும்?" லூர்துவின் குரல் ஒரு நோயாளியின் குரலாக இருந்தது.

"கசிவு ஜாஸ்தியாவலாம். அப்புறம் எங்க கையில இல்ல."

உள்ளே நர்ஸ் ஆனந்தின் நனைந்த சட்டையைக் கழற்றி, பனியனைத் தூக்கியதும், "மேடம், இங்க பாருங்க" என்றார். தொப்புளுக்குச் சற்று மேலே, தண்ணீரோடு வழிந்து இறங்கிய ரோஸ் நிற மாத்திரை ஒன்று பொட்டு மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. செய்தி வெளியே வந்ததும் லூர்து சிலுவை போட்டுக்கொண்டார்.

ஆனந்த் பிழைத்தான். கை இன்னும் முழுசாக வரவில்லை. பேச்சு வந்துவிட்டது. திருத்தமாக அவன் சொன்ன முதல் வாக்கியம்: "மாமாவ ரூமுக்குள்ள வுடாதீங்க."

லூர்து திருந்திவிட்டாரா என்று கேட்கிறீர்களா? திருந்துவதாவது! பதவி உயர்வு பெற்றுவிட்டார். இப்போது டீக்கடையில் அவர் பேசுவதைக் கேட்க வேண்டும். "யாருக்கு வாய் கோணுனாலும் மாத்திரைய கண்ணுல காட்டாத. நூத்தியெட்டக் கூப்புடு, நேரா ஸ்கேனுக்குப் போ. அடைப்புன்னு தெரிஞ்சப்புறம் அவுங்க குடுப்பாங்க. எங்க மச்சானுக்கு அன்னிக்கி ஆளாளுக்குக் குடு குடுன்னாங்க. நான்தான் வுடல."

காய் வாங்கிக்கொண்டு அந்த வழியாக வந்த ராணியின் காதில் இது விழுந்தது. கட்டுப் போட்ட விரலை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். ஆள்தான் பொய், சொல்வது சரியாகத்தானே இருக்கிறது, சொல்லிவிட்டுப் போகட்டும் என்று நடையைக் கட்டினாள்.

நீங்கள் இவ்வளவு நேரம் ரசித்துப் படித்தீர்கள். சந்தோஷம். ஆனால் இதற்குள்ளேயே ஒரு சொந்தக்காரரின் முகம் உங்களுக்குத் தோன்றிவிட்டதே, "அடைப்பு வேற, கசிவு வேற, நான் சொல்றதக் கேளுங்க" என்று அவரிடம் ஆரம்பிக்க ஒரு வாக்கியமும் தயாராகிவிட்டதே, இல்லையா? லூர்துவாவது இந்த டாக்டர் பட்டத்துக்கு வாயில் பாதியைக் கொடுத்தார். நீங்கள் கொடுத்தது ஐந்து நிமிஷம்.